கூச்சத்துக்கு அப்பால்: சமூகப் பதற்றமுள்ள பதின்பருவப் பிள்ளைக்கு உதவுவது எப்படி?

கூச்ச சுபாவமுள்ள பிள்ளை புதியவர்களிடம் தயங்கினாலும் பழகியபின் இயல்பாகிவிடும். சமூகப் பதற்றமுள்ள பிள்ளைக்கோ, நாளை வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்க வேண்டும் என்றால் இன்றிரவே வயிற்றைக் கலக்கும். காலையில் விடுப்புக் கேட்கும். இந்நிலை ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையும் நட்பையும் குலைக்குமானால் அதைக் கோளாறாகவே கருத வேண்டும்.

முதலில் பிள்ளையின் மனத்துக்குள் நடப்பதைக் கேட்டறியுங்கள். எல்லாரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் இந்த வயதில் பலருக்கும் வருவதுதான். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-லேயே இதைக் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்று விளக்கினார். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995-இல் முன்வைத்த விளக்கப்படி, பதற்றம் மிகும்போது கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தன்மீதே திரும்புகிறது. உள்ளே உணரும் நடுக்கம் அப்படியே வெளியிலும் தெரிவதாகப் பிள்ளை நம்பிவிடுகிறது.

ஆகவே ‘பயப்படாதே’ என்று தேற்றுவதை விட, பதற்றத்தை மறைக்கப் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று பார்ப்பதே பயன்தரும். தலை குனிந்து வேகமாக வாசிப்பது, பேசப்போகும் வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது, கைபேசியில் மூழ்கியதுபோல் காட்டிக்கொள்வது ஆகியவை அப்போதைக்குக் காப்பாற்றினாலும், அவை இல்லாமலும் சமாளித்திருக்கலாம் என்று அறியும் வாய்ப்பைப் பறித்துவிடுகின்றன. ஒரு பத்தியை வழக்கம்போலவும், மறுமுறை நிமிர்ந்து நிதானமாகவும் வாசிக்கச் சொல்லி, பிள்ளையின் ஒப்புதலோடு இரண்டையும் காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். பார்ப்பதற்கு முன், குரல் எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பதிவில் தெரியும் நடுக்கம் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பிறகு கடையில் விலை கேட்பது, உறவினரிடம் தொலைபேசியில் பேசுவது, வகுப்பில் சந்தேகம் கேட்பது என எளியதிலிருந்து கடினமானதை நோக்கி நகருங்கள். ஒவ்வொன்றையும் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். பயம் தெளியட்டும் என்று திடீரென மேடையேற்றிவிடுவது, என் கருத்தில், உதவி அன்று. பிறர் பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்ற பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள் (நம் வீடுகளில் இதுதான் கடினம்).

பள்ளிக்கே போக மறுத்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ அணுகி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) பற்றிக் கேளுங்கள். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.