மேப்பில் இருக்கும் கடை, தேடலில் இல்லாத வெப்சைட்

மதுரை திருநகரில் சித்தப்பாவுக்கு இன்வர்ட்டர் பேட்டரிக் கடை. கூகுள் மேப்பில் கடை வருகிறது. 'திருநகர் இன்வர்ட்டர் சர்வீஸ்' என்று தேடினால் வெப்சைட் மட்டும் எங்குமே இல்லை.

மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் முதன்மை வகையைப் பேட்டரிக் கடை என்று மாற்றினேன், பக்கங்களில் ஊர்ப்பெயரைச் சேர்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பக்கங்களின் பட்டியலான சைட்மேப், எதைப் படிக்கலாம் என்று தேடல் இயந்திரங்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் ஃபைல் இரண்டும் சரியாகவே இருந்தன.

அப்புறம்தான் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் 'ஆல்டர்நேட் பேஜ் வித் ப்ராப்பர் கனானிக்கல் டேக்' என்ற வரியைத் திறந்தேன். பிழை மாதிரியே தெரியாது, யாரும் தாண்டிப் போய்விடுவார்கள். உள்ளே எங்கள் முகப்புப் பக்கமே இருந்தது! பக்கத்தின் சோர்ஸ் கோடைப் பார்த்தால், கனானிக்கல் டேக், அதாவது எது அசல் பக்கம் என்று சொல்லும் குறி, தளம் கட்டியபோது சோதனைக்கு வைத்திருந்த டெஸ்ட் சப்டொமைன் முகவரியைக் காட்டுகிறது. அசல் அங்கே, இது நகல் என்று கூகுளுக்குத் தளமே சொல்லிக்கொண்டிருந்தது.

தேடலுக்கான அமைப்புகளைப் பார்க்கும் எஸ்இஓ ப்ளகினில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கனானிக்கல் முகவரிக் கட்டத்தைக் காலி செய்தேன். அப்படியும் பழசே வந்தது. பக்கங்களின் நகலைச் சேமித்துக் காட்டும் கேஷ் ப்ளகின் பழைய பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தது. கேஷை அழித்து, டெஸ்ட் முகவரிக்கு வருவதை அசல் தளத்துக்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 ரீடைரெக்ட் போட்டு, சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் பக்கத்தைத் தேடலில் சேர்க்க (இண்டெக்ஸ் செய்ய) கேட்டேன்.

இப்போது முதல் பக்கத்தில் வருகிறது. அப்பாடா! மதுரையிலேயே அண்ணாநகரில் இருந்து தேடினால் இன்னும் கீழேதான். அது தூரத்தின் கணக்கு, இந்த டேக்கால் மாறாது.