ரிப்பன் ஸ்பீக்கர் வாங்குமுன்: ஒலியையும் விலையையும் எடைபோடும் முறை

உயர்விலை ரிப்பன் ஸ்பீக்கர் வாங்கலாமா என்ற கேள்விக்குக் காதும் பணப்பையும் பதில் சொல்வதற்கு முன்பே, வீட்டுக் கூடம் பதில் சொல்லிவிடுகிறது. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் இணையைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, இதற்கா இவ்வளவு விலை என்று மனம் நொந்துபோகிறவர்கள் உண்டு. பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வாழும் தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கச்சேரியையும் மேளத்தையும் நேரில் கேட்டு வளர்ந்த காது இங்கே பலருக்கும் இருப்பதாலும், அக்கிரகாரத்து நீண்ட வீடுகளின் அமைப்பு இந்த வகை ஸ்பீக்கருக்குச் சில இடங்களில் உதவியாகவும் சில இடங்களில் தடையாகவும் இருப்பதாலும், பொதுவான ஆலோசனைகளை இங்கே அப்படியே கடைப்பிடிக்க முடியாது.

முதலில் நீங்கள் பார்க்கும் பொருள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மூன்று வெவ்வேறு அமைப்புகள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. உண்மையான ரிப்பன் என்பது இரண்டு காந்த வரிசைகளுக்கு இடையே தொங்கும், சில மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமே உள்ள அலுமினியத் தகடு. மின்னோட்டம் அந்தத் தகட்டிலேயே பாய்வதால், ஒலி எழுப்பும் பரப்பும் அதை அசைக்கும் கடத்தியும் ஒன்றே. ஜெர்மனியில் ஷாட்கி, கெர்லாக் ஆகிய இருவரும் 1920களில் வகுத்த தத்துவம் இது. இரண்டாவது வகை, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மீது கம்பியையோ அலுமினியப் பட்டையையோ ஒட்டிச் செய்யப்படும் பிளேனர் அல்லது பாதி ரிப்பன். ஜிம் வைனி 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கிய மேக்னபேன் நிறுவனத்தின் பலகைகள் பெரும்பாலும் இவ்வகையே. அதன் விலையுயர்ந்த மாடல்களில் மேல் ஸ்வரங்களுக்கு மட்டும் உண்மையான ரிப்பன் சேர்கிறது. மூன்றாவது, ஆஸ்கர் ஹைல் உருவாக்கிய மடிப்புப் படல ட்வீட்டர், அதாவது மேல் ஸ்வரங்களை எழுப்பும் பகுதி. 1970களில் சந்தைக்கு வந்த இது, கொசுவம் போல மடித்த படலத்தால் காற்றைப் பிழிந்து தள்ளுகிறது. விளம்பரத்தில் ரிப்பன் என்ற சொல்லைப் பார்த்ததும், ஒலியின் எந்தப் பகுதியை ரிப்பன் எழுப்புகிறது, எந்தப் பகுதி கீழ் ஸ்வரங்களை எழுப்பும் சாதாரண கூம்பு வூஃபருக்குப் போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை அதிர்வு என்னும் அளவு) மேல் மட்டும் ரிப்பன் வேலை செய்யும் பெட்டி ஸ்பீக்கருக்கும், குரல் முழுவதையும் பலகையே எழுப்பும் ஆளுயர ஸ்பீக்கருக்கும் விலையிலும் பயனிலும் ஒப்புமை கிடையாது.

ஒலித்தரத்தைச் சோதிக்க, கடைக்காரர் போட்டுக் காட்டும் பளபளப்பான பதிவுகளை நம்பாமல், நேரில் கேட்டு மனத்தில் பதிந்த ஓசைகளின் பதிவுகளை நீங்களே கொண்டுசெல்லுங்கள். என் அனுபவத்தில் தம்புராதான் முதல் சோதனை. ஜீவா என்று நாம் சொல்லும் அந்த ரீங்காரம் எண்ணற்ற மேல் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மலர்வதால் உண்டாவது. ட்வீட்டர் சிறிது கனத்தாலும் அது ஒரே சீரான இரைச்சலாகத் தட்டையாகிவிடும், நல்ல ரிப்பனில் ஒவ்வொரு மீட்டுக்குப் பிறகும் அந்த மலர்ச்சி தனித்தனியாகக் கேட்கும். அடுத்து மிருதங்கத்தின் சாப்பு, கடத்தின் விளிம்பில் விழும் விரல், வயலின் வில் திசை மாறும் கணம் ஆகியவற்றைக் கவனியுங்கள். எடையற்ற தகடு விரைவாக எழும்புவது போலவே விரைவாக ஓயவும் செய்கிறது. ஓசை முடிந்தபின் அதன் வால் எஞ்சாமல் இருப்பதுதான் இந்த வகையின் பெரும் சிறப்பு என்பது என் கருத்து. கல்பாத்தித் தேர்த் திருவிழாவில் தெருவில் நின்று பஞ்சவாத்தியம் கேட்டவருக்கு இலத்தாளம் எப்படி ஒலிக்கும் என்று தெரியும். இரண்டு வெண்கலத் தட்டுகள் உரசும் ஓசை கண்ணாடி உடைவதைப் போலக் காதைக் குத்தினால் அந்த ஸ்பீக்கரையோ அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையரையோ ஐயப்படுங்கள், வெண்கலத்தின் உடம்பு தெரிந்தால் நல்ல அறிகுறி.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தம் பிற்காலத்தில் ஒலிவாங்கி இல்லாத கச்சேரியையே வற்புறுத்தியவர் என்பது இசை ரசிகர்கள் அறிந்தது. மிருதங்கத்தின் இயல்பான நாதம் கருவி வழியே வரும்போது மாறிவிடுகிறது என்ற அந்தக் கவலையை மதித்து, சோதனைக்கு எடுக்கும் பதிவும் மேடை ஒலிபெருக்கியிலிருந்து திரும்ப எடுத்ததாக இல்லாமல், சில மைக்குகளை மட்டும் வைத்துக் கருவிகளிலிருந்து நேராகப் பதிந்ததாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மோசமான பதிவின் குறையை ரிப்பன் மறைத்துத் தராது. அதைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

இதே மிருதங்கத்தின் தொப்பியில்தான், அதாவது கனத்த ஓசை தரும் இடப்பக்கத்தில்தான், இந்த வகையின் பலவீனமும் வெளிப்படும். அங்கே கையை அழுத்தி எழுப்பும் குமுக்கியின் அடி ஓசையும், செண்டையின் வலந்தலையும், தவிலின் கனமும் நிறையக் காற்றைத் தள்ள வேண்டிய ஓசைகள். பலகை ஸ்பீக்கரின் பின்புறம் திறந்திருப்பதால், முன்னே தள்ளப்படும் காற்றும் பின்னே இழுக்கப்படும் காற்றும் கீழ் ஸ்வரங்களில் பலகையைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பலகை எவ்வளவு அகலமோ அவ்வளவு கீழே இறங்கும், அவ்வளவு விலையும் ஏறும். சில நிறுவனங்கள் இதற்காகக் கூம்பு வூஃபரைச் சேர்க்கின்றன. அப்படிப்பட்ட இணையைக் கேட்கும்போது, ஆண் குரல் மந்திர ஸ்தாயியிலிருந்து மேலேறும் இடத்தில் குரலின் தன்மை மாறுகிறதா என்று பாருங்கள். ஒன்றாம் கட்டைச் சுருதி ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸில் தொடங்குவதால், வூஃபரும் ரிப்பனும் கைமாறும் இடம் அதற்கு மேலே பாடகரின் குரலுக்குள் விழுந்தால் அந்தத் தையல் கேட்டே தீரும்.

இனி இடம். பின்புறம் வெளியேறும் ஒலி முன்புற ஒலிக்கு நேர் எதிர்க் கட்டத்தில் இருக்கிறது, அதாவது முன்னே காற்று தள்ளப்படும் அதே கணத்தில் பின்னே இழுக்கப்படுகிறது. பலகைக்கும் பின்சுவருக்கும் 30 சென்டிமீட்டர் மட்டும் விட்டால், அந்த ஒலி 60 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து திரும்பி, ஏறத்தாழ 570 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது குரலின் நடுவிலேயே, முன்புற ஒலியை அழிக்கும். 1 மீட்டர் விட்டால் அது ஏறத்தாழ 6 மில்லிவினாடி தாமதமாக வந்து, அறையின் இயல்பான விரிவாகக் காதுக்குத் தோன்றத் தொடங்கும். ஒன்றரை மீட்டர் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பலகையையும், அதன் பின்னே 1 மீட்டரையும், அதற்கு முன்னே நீங்கள் அமரும் இரண்டரை முதல் மூன்று மீட்டரையும், உங்கள் முதுகுக்குப் பின்னே சிறிது இடத்தையும் கூட்டினால் ஐந்து மீட்டர் நீளம் தேவைப்படும். இதைக் கொடுக்க முடியாத அறைக்கு ஆளுயரப் பலகையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அங்கே ரிப்பன் ட்வீட்டர் உள்ள சிறிய பெட்டி ஸ்பீக்கரே தக்கது.

அகலம் குறைவாக இருப்பதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. முன்னும் பின்னும் ஒலிக்கும் பலகை தன் பக்கவாட்டில் ஏறக்குறைய மௌனமாக இருக்கும். கடையில் ஸ்பீக்கரின் விளிம்புக்கு நேராகப் போய் நின்றால் ஒலி சட்டென்று தேய்வதை நீங்களே உணரலாம். ஆகவே பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும், அகலம் குறைந்து நீளம் மிகுந்த கல்பாத்தி வகை வீட்டில், பெட்டி ஸ்பீக்கரை விடப் பலகை பக்கச்சுவர் எதிரொலியைக் குறைவாகவே கிளப்பும். வழவழப்பான சிமெண்ட் தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். பின்சுவரைத் துணியால் முழுக்க மூடிவிட வேண்டாம். புத்தக அலமாரி போல ஒலியைச் சிதறடிக்கும் பொருள் அங்கே இருந்தால், பின்னொலி சாகாமலும் குத்தாமலும் திரும்பும்.

பாயில் அமர்ந்து இசை கேட்கும் வழக்கமுள்ளவர்கள் உயரத்தையும் கவனிக்க வேண்டும். ஏழு எட்டு சென்டிமீட்டர் உயரமே உள்ள ரிப்பன் ட்வீட்டர் மேல் ஸ்வரங்களை மேலும் கீழும் மிகக் குறுகிய கோணத்தில்தான் பரப்பும்; காது அந்த மட்டத்திலிருந்து விலகினால் தம்புராவின் ரீங்காரம் மங்கிவிடும். ஆளுயர ரிப்பனில் தரையில் அமர்ந்தவருக்கும் நாற்காலியில் அமர்ந்தவருக்கும் ஒலி பெரிதாக வேறுபடாது. அறையின் பின்பகுதியில் இருப்பவருக்கும் ஒலி அவ்வளவாகத் தேய்வதில்லை. நீண்ட செங்குத்து மூலத்தின் ஒலி, அதன் அருகிலுள்ள பகுதியில், தொலைவு இரட்டிக்கும்போது 6 டெசிபலுக்கு (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) பதில் ஏறக்குறைய 3 டெசிபலே குறையும்.

ஆம்ப்ளிஃபையரைப் பற்றி நான் சற்று நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் விலை மதிப்பீடு பெரும்பாலும் தவறுவது இங்கேதான். விவரத் தாளில் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்னாற்றலுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற எண், 86 டெசிபல் என்று கண்டால் அது 2.83 வோல்ட்டுக்கு அளந்த எண்ணா என்று பாருங்கள். 4 ஓம் (மின்தடையின் அலகு) ஸ்பீக்கரில் அந்த வோல்ட் 1 வாட் அல்ல, 2 வாட். ஆகவே உண்மையில் 1 வாட்டுக்குக் கிடைப்பது 83 டெசிபல்தான். மிருதங்கத்தின் சாப்பு சராசரி ஒலியை விட 20 டெசிபல் உயர்ந்தால், அந்தக் கணத்தில் 100 மடங்கு ஆற்றல் வேண்டும்: சராசரி 2 வாட்டில் நிதானமாகக் கேட்பவருக்கும் நொடிப்பொழுதுக்கு 200 வாட் தேவைப்படும். 8 ஓமில் 100 வாட் தரும் கருவி 4 ஓமில் 200 வாட்டை நெருங்குகிறதா என்று கேளுங்கள். நெருங்கவில்லையென்றால் அதன் மின்வழங்கி போதாது. வீட்டுத் திரையரங்க ரிசீவர்கள் பெரும்பாலும் இதில் தளர்ந்துவிடுகின்றன. 1980களில் அபோஜி நிறுவனம் செய்த சின்டில்லா, தடை 1 ஓம் வரை இறங்கிய ரிப்பன் ஸ்பீக்கர்; அதை இயக்கும் ஆற்றல் அந்நாளைய பல உயர்தர ஆம்ப்ளிஃபையர்களுக்கே இல்லை. அத்தகைய பழைய இணை மலிவாகக் கிடைத்தாலும், ஆம்ப்ளிஃபையரின் விலையைச் சேர்த்துக் கணக்கிட்டால் மலிவு மறைந்துவிடும்.

ஆகவே கையில் உள்ள தொகையைப் பங்கிடும்போது பாதிக்குச் சற்று மேல் ஸ்பீக்கருக்கும், மூன்றில் ஒரு பங்கு ஆம்ப்ளிஃபையருக்கும், எஞ்சியது அறைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தரப் பலகையைப் பலமான ஆம்ப்ளிஃபையரோடு கேட்பது, உச்ச மாடலைப் பலவீனமான ஆம்ப்ளிஃபையரோடு கேட்பதைவிட எப்போதும் மேலானது. கம்பிக்கு லட்சங்கள் வேண்டாம்: வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 3 மீட்டர் நீளத்துக்கு, போக்கும் வரவும் சேர்த்து, 4 ஓமில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தடையையே சேர்க்கிறது.

மேக்னபேன் 2019இல் தன் சிறிய பலகை இணை ஒன்றை அமெரிக்காவில் 650 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. கப்பல் கட்டணமும் இறக்குமதி வரியும் சேர்ந்தால் இங்கே வந்துசேரும் விலை வேறாகும் என்றாலும், திறந்த பலகையின் வேகத்துக்கும் விரிவுக்கும் நுழைவாயில் எவ்வளவு தாழ்வானது என்பதை அது காட்டியது. அதற்கு மேலே செல்லச் செல்ல நீங்கள் கொடுக்கும் பணம் மூன்று இடங்களுக்குப் போகிறது: உண்மையான ரிப்பனுக்கும் அதன் இரு பக்கமும் தேவைப்படும் வலுவான காந்தங்களுக்கும், கீழ் ஸ்வரங்களுக்கான பரப்புக்கும், மரவேலைக்கும் அலங்காரத்துக்கும். முதல் இரண்டும் காதுக்குத் தெரியும், மூன்றாவது கண்ணுக்கு. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள, இரண்டு மாடல்களையும் ஒரே ஒலி அளவில் கேளுங்கள். கைப்பேசியில் உள்ள ஒலி அளவிச் செயலியைக் கொண்டு, ஒரே சீரான இரைச்சலை ஒலிக்கவிட்டு, அமரும் இடத்தில் இரண்டையும் அரை டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும். கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ போய்க் கேட்பவர்கள் ஒரு முழு ஆலாபனையாவது கேட்க நேரம் ஒதுக்கி, பலகையைச் சுவரிலிருந்து 1 மீட்டர் முன்னே இழுத்து வைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பழைய இணை வாங்குவதானால், கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துத் தகட்டில் மடிப்போ தொய்வோ உள்ளதா என்று பாருங்கள். பிளேனர் பலகையில் பசை விட்டுக் கம்பி படலத்திலிருந்து கழன்றிருக்கலாம். 40 ஹெர்ட்ஸிலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஸ்வரத்தை ஒலித்தால் அத்தகைய இடம் கரகரப்பாகக் காட்டிக்கொடுக்கும். மல்டிமீட்டரில் இரண்டு ஸ்பீக்கரின் தடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் இணைக்குமுன், பாட்டு ஓடாத நிலையில் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் நேர்மின்னோட்ட (DC) அழுத்தத்தை அளந்து, அது 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் முதலில் அதைச் சரிபார்க்கக் கொடுங்கள்.

பராமரிப்பில் நம் ஊர்க் காற்றை மறக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் பலத்த காற்று திறந்த சன்னல் வழியாக நேரே தகட்டின் மீது அடித்தால் தகடு நீண்டு தொய்யும். சன்னலுக்கு நேராக ஸ்பீக்கரை வைக்காமல், கேட்காத நேரத்தில் பருத்தித் துணியால் மூடிவையுங்கள். தூசு உறிஞ்சும் இயந்திரத்தை அருகே கொண்டுபோக வேண்டாம். பங்குனி, சித்திரை வெயில் நேராகப் படும் இடத்தில் படலமும் பசையும் கெடும். ஆடி மழை மாதங்களில் ஈரத்தால் காந்தங்களும் இரும்புச் சட்டமும் துருப்பிடிக்கலாம். வாரத்தில் சில முறையாவது ஒலிக்கவிடுவதும், மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் கருவியை அறையில் இயக்குவதும் உதவும். வீட்டில் கம்பிக் கதவு வேலையோ கிரைண்டர் வேலையோ நடந்தால் ஸ்பீக்கரை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொண்டால் அதை முழுவதும் எடுப்பது கடினம்.

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, தகடு கிழிந்தால் யார் மாற்றித் தருவார்கள் என்பதே. 1999இல் கதவை மூடிய அபோஜியின் ஸ்பீக்கர்கள் இன்றும் ஒலிப்பதற்குக் காரணம், சில தனித் தொழில்வல்லுநர்கள் புதிய ரிப்பன்களைச் செய்து தருவதுதான். மாற்று ரிப்பனின் விலை என்ன, அதை வீட்டிலேயே பொருத்த முடியுமா, அல்லது முழுப் பலகையையும் நாடு கடந்து அனுப்ப வேண்டுமா என்பவற்றை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், ஒரு கூடுதல் இணை ரிப்பனின் விலையையும் சேர்த்து அதையே ஸ்பீக்கரின் உண்மையான விலையாகக் கொள்ளுங்கள். முன்பணம் கட்டும் நாளுக்கு முன், வாசற்படியிலிருந்து ரேழி வழியே கூடம் வரை உள்ள ஒவ்வொரு நிலைப்படியின் உயரத்தையும் திருப்பத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுயர ரிப்பனை நிமிர்ந்த நிலையிலேயே, இரண்டு பேர் பிடித்து உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும்.