விமான ஆக்சிஜன் லைனில் கசிவா? ஸ்பேனரை எடுக்கும் முன்

சிலிண்டரை நிரப்பி இரண்டு நாள்தான் ஆகிறது, அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்கியிருக்கிறது. உடனே கசிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1850 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) உள்ள சிலிண்டரில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தாலே அறுபது பி.எஸ்.ஐ. தானாக இறங்கிவிடும். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும், அது ஆறிய பிறகு அழுத்தத்தோடு வெப்பநிலையையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

கணக்குப் பார்த்தும் குறைகிறதா? சரி, முதலில் போய்க் கையைக் கழுவுங்கள். கிண்டல் இல்லை. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளலாம், கைக்குப் பூசிய கிரீமும் ஸ்பேனரில் ஒட்டிய எஞ்சின் ஆயிலும் இதில் அடக்கம். மின்சாரத்தைத் துண்டித்து, கதவுகளைத் திறந்து வையுங்கள். 2011-ல் கெய்ரோ விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த எகிப்துஏர் போயிங் 777-ன் காக்பிட் எரிந்ததே, துணை விமானியின் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும் பக்கத்தில்தான் அந்தத் தீ கிளம்பியது.

அப்புறம் சிலிண்டர் வால்வை மூடுங்கள். குழாயில் அடைபட்ட ஆக்சிஜன் கொஞ்சம்தான், ஆகவே கேஜ் வால்வைத் தாண்டிக் குழாய்ப் பக்கம் இருந்தால் சின்னக் கசிவுகூட முள்ளில் சீக்கிரம் தெரிந்துவிடும். முள் அசையவில்லையா, சிலிண்டர் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

இடம் கண்டுபிடிக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம், அதில் எண்ணெய்ப் பசை இருக்கலாம். ஆக்சிஜனுக்கென்று அனுமதித்த திரவத்தை (அமெரிக்க ராணுவத் தர எண் மில்-பிஆர்எஃப்-25567) ஒவ்வொரு இணைப்பின் மேலும் தடவுங்கள். பெரிய கசிவு குமிழ் விடும். சின்னது சில நிமிடம் கழித்து வெள்ளை நுரையாகக் கட்டும், அதுவும் பெரும்பாலும் நட்டின் பின்பக்கம். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் இல்லாமல் பார்த்தால் பார்த்தது கணக்கில்லை.

இடம் தெரிந்ததும் கை பரபரக்கும். அழுத்தம் இருக்கும்போது நட்டை இறுக்காதீர்கள்! வால்வை மூடி, லைனை மெதுவாகக் காலி செய்துவிட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அப்படியும் கசிந்தால் கழற்றிப் பாருங்கள்: குழாயின் விரிந்த முனையில் கீறலோ வெடிப்போ இருந்தால் மாற்றுவதுதான் வழி, அங்கே டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. கூம்பு மரை இணைப்புகளுக்கு மட்டும் ஆக்சிஜனுக்கான டெஃப்லான் டேப், அதுவும் முனையில் இரண்டு மரை விட்டு, இல்லையென்றால் துணுக்கு உள்ளே போய்விடும்.

வால்வைத் திரும்ப மெல்ல, மிக மெல்லத் திறங்கள். சடாரென்று திறந்தால் அழுத்தப்படும் வாயு சூடேறும். மறுபடி நுரை பாருங்கள், திரவத்தைத் தண்ணீரால் துடைத்துக் காய வையுங்கள், உரிமம் உள்ள பொறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.