வேப்பை விட உதவும் குழுக்கள்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் வேப் எனும் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பிடிப்பதும் 2018 பிப்ரவரி 1 முதல் குற்றம். 2025 செப்டம்பர் 1 அன்று அபராதம் கூடியது. சில வேப்களில் கலக்கப்படும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. தண்டனை கடுமையாகும்போது, விட நினைப்பவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேச ஆசிரியர்களும் தொண்டூழியர்களும் முன்வருகிறார்கள். தேவையான வேலை. ஆனால் புதிதாகத் தொடங்கும் குழுக்கள், பழைய குழுக்கள் அடிபட்ட அதே இடங்களில்தான் மறுபடியும் அடிபடுகின்றன.

நேரத்துக்கு வராதது, நடுவில் கைப்பேசி பார்ப்பது, உபதேசம் செய்வது எல்லாம் இரண்டாவது வாரமே யாருக்கும் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே இருப்பவை, குழு நன்றாகத்தான் நடக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கெடுப்பவை.

சிகரெட் குழுவின் முறையை அப்படியே நடத்துவது

சிகரெட்டை விடுபவர்களுக்கு ஊதச் சொல்லி அளக்கும் கார்பன் மோனாக்சைடு கருவி பல இடங்களில் உண்டு. வேப்பில் எதுவும் எரிவதில்லை. நாள் முழுக்கப் பிடித்தவர் ஊதினாலும் எண் சுத்தமாகத்தான் காட்டும். உமிழ்நீரிலோ சிறுநீரிலோ கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் மாறி உண்டாகும் பொருள்) பார்த்தால் நிக்கோட்டின் தெரியும். ஆனால் பழக்கத்தை விடுவதற்காகத் தோலில் நிக்கோட்டின் பேட்ச் ஒட்டியவருக்கும் அது தெரியும். எனவே சோதனையை நம்பி இந்தக் குழுவை நடத்த முடியாது. அவர் வாயால் சொல்வதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த பகுதி முழுக்க இதை ஒட்டித்தான்.

'ஒரு நாளைக்கு எத்தனை' என்ற கேள்வியும் இங்கே உதவாது. சிகரெட் ஒன்று தீர்ந்தால் தீர்ந்தது, பெட்டியில் 20 என்று கணக்கு இருக்கிறது. வேப்பில் முடிவு என்று ஒன்றில்லை. ஒரு இழுப்பு கழிவறையில், ஒன்று மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, ஒன்று படுக்கையில். கேட்க வேண்டியவை வேறு: ஒரு பாட் (வேப் திரவம் உள்ள குப்பி) எத்தனை நாள் வருகிறது? அதன் அளவும் செறிவும் என்ன? எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு? இரவில் விழித்துப் பிடிக்கிறாரா? 5 விழுக்காடு என்று போட்ட 2 மில்லி பாட் ஒன்றில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. தலையணைக்கு அடியில் கருவியை வைத்துத் தூங்குபவரையும் வார இறுதியில் மட்டும் நண்பனுடையதை வாங்கி இழுப்பவரையும் ஒரே திட்டத்தில் நடத்த முடியாது.

சிகரெட்டும் பிடிக்கிறாரா என்பதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டும் பிடிப்பவர் வேப்பை மட்டும் விட்டால் சிகரெட் கூடிவிடலாம். அவர் இரண்டையும் ஒரே நாளில் விட வேண்டும்.

நாள் கணக்கைப் பலகையில் எழுதுவது

பெரிய இழப்பைத் தருவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் புதுக் குழு ஒவ்வொன்றும் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறது என்பதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

வெள்ளைப்பலகையில் பெயர்கள், எதிரே எண்கள். 12 நாள், 26 நாள், 40 நாள். எண் கூடக் கூடக் கைதட்டல். தவறினால் எண்ணை அழித்து 0 என்று எழுதுவார்கள். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும்.

அந்தப் பலகை என்ன செய்கிறது என்பதை ஒரு பாலிடெக்னிக் மாணவரை வைத்துப் பாருங்கள். 38 நாள் ஆகிவிட்டது. தேர்வு முடிந்த இரவு, நண்பர்களோடு சாலேயில் (வாடகைக்கு எடுத்த விடுமுறை வீட்டில்), யாரோ நீட்டிய கருவியில் மூன்று இழுப்பு. மறுநாள் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூட்டம். ஒருங்கிணைப்பாளர் பேனாவை எடுத்துப் பழைய எண்ணை அழித்து, '40 தானே?' என்று திரும்பிப் பார்க்கிறார். சுற்றிப் பத்துப் பேர். மாணவர் தலையாட்டுகிறார். கைதட்டுகிறார்கள். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. 'வேலை இருக்கிறது' என்று ஒரு செய்தி மட்டும் வரும். மூன்று இழுப்பு இழுத்ததால் அவர் குழுவை விடவில்லை. பொய் சொன்ன இடத்துக்குத் திரும்ப வரக் கூசுவதால்தான் விடுகிறார். சில வாரங்களில் சொந்தமாகக் கருவி வாங்கிவிடுவார். அப்போது அவர் பக்கத்தில் குழு இருக்காது.

நிக்கோட்டினை விடுபவர்களில் நடுவில் ஓரிரு முறை சறுக்குபவர்களே அதிகம். சறுக்கலை முழுப் பழக்கமாக்குவது பெரும்பாலும் அடுத்த சில நாள்கள்தான். அந்த நாள்களில் யாரிடமாவது சொல்ல முடிந்ததா என்பதுதான் கேள்வி. 0 என்ற எண் 'எல்லாம் போய்விட்டது, இனி ஒன்று பிடித்தால் என்ன, ஒன்பது பிடித்தால் என்ன' என்ற எண்ணத்தை ஊட்டுகிறது. அது உண்மையும் அல்ல. 38 நாள் நிக்கோட்டின் இல்லாமல் பழகிய மூளை மூன்று இழுப்பில் முதல் நாளுக்குப் போய்விடாது.

பலகையைக் கழற்றிவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

எண் வேண்டும் என்று உறுப்பினர்களே கேட்டால், தொடர்ச்சியை எண்ணாதீர்கள்; மாதத்தில் பிடிக்காத நாள்களை எண்ணுங்கள். 30ல் 29 என்பது யாருக்கும் வெட்கமில்லை. அதையும் அவரவர் நோட்டில் எழுதட்டும், சுவரில் வேண்டாம்.

கூட்டத்தின் தொடக்கச் சுற்றில் எத்தனை நாள் என்று கேட்காமல் மூன்றைக் கேளுங்கள்: இந்த வாரம் மிகக் கடினமான மணி எது, அப்போது என்ன செய்தார், வரும் வாரத்தில் பயமுறுத்தும் நேரம் எது. சறுக்கியவரும் சறுக்காதவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். சறுக்கியவர் பொய் சொல்லத் தேவையில்லை.

சறுக்கினால் 24 மணி நேரத்துக்குள் ஒருங்கிணைப்பாளருக்குத் தனிச்செய்தி, ஒரு வரி போதும் என்பதை முதல் கூட்டத்திலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். குழுவில் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

சொன்னவுடன் நீங்கள் பேசும் முதல் வாக்கியம் முக்கியம். 'ஏன்?' என்று கேட்காதீர்கள், அது விசாரணை. 'சொன்னது நல்லதாப் போச்சு. எத்தனை மணிக்கு?' என்று தொடங்குங்கள். பிறகு எங்கே, யாருடைய கருவி, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது, அதன் பிறகு கருவி எங்கே போனது. கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடத் தேவையானது. நண்பனிடமே திரும்பப் போயிருந்தால் ஒரு நிலைமை. அவருடைய பையிலேயே இருந்தால் வேறு நிலைமை. பையில் இருந்தால் அன்றிரவே அதை அப்புறப்படுத்த வழி பேச வேண்டும், மற்றதெல்லாம் நாளைக்கு.

ஒரே வாரத்தில் மூன்று முறை சறுக்கினால் அது மனத்தின் குறை அல்ல. பெரும்பாலும் பேட்ச், கம் போன்ற நிக்கோட்டின் மாற்றின் அளவு போதவில்லை, அல்லது தவறாகப் பயன்படுத்துகிறார். மருந்தாளரிடம் அனுப்புங்கள். சறுக்கியதற்காகப் பேட்ச்சைக் கழற்றச் சொல்லாதீர்கள், தொடரட்டும்.

'மன உறுதி போதும்' என்பது

குழுவில் யாராவது ஒருவர் எந்த மருந்தும் இல்லாமல் விட்டிருப்பார். அவர் பேச்சுக்கு எடை அதிகம். அவர் 'பேட்ச்சும் நிக்கோட்டின்தானே' என்று ஒரு முறை சொன்னால் நான்கு பேர் வாங்கியதை ஒளித்துவைப்பார்கள். ஒருங்கிணைப்பாளர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்: பேட்ச் தோல் வழியாக மெதுவாக ஏறுகிறது, வேப்பைப் போல நொடிகளில் மூளையைத் தொடுவதில்லை. அந்த வேகம்தான் பழக்கத்தை உண்டாக்குகிறது.

வழக்கமான அளவு: அதிகம் பிடிப்பவருக்கு 21 மில்லிகிராம் பேட்ச் 6 வாரம், பிறகு 14 மில்லிகிராம் 2 வாரம், 7 மில்லிகிராம் 2 வாரம். தினமும் வேறு இடம், முடியில்லாத உலர்ந்த தோல். கனவு தொந்தரவு செய்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம். எழுந்து 30 நிமிடத்துக்குள் பிடிப்பவருக்கு நிக்கோட்டின் கம் 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. கம்மில் எல்லாரும் செய்யும் தவறு சூயிங்கம் போல மெல்லுவது. நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். 'எனக்கு ஒத்துவரல' என்று தூக்கிப்போடுவார். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், ஏறக்குறைய 30 நிமிடம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காப்பியும் குளிர்பானமும் கூடாது. புளிப்பு இருந்தால் வாயில் உறிஞ்சாது. ஒரு கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாக மென்று பழகுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

நிக்கோட்டின் பழக்கத்தை விட உதவும் வாரெனிக்லின் மாத்திரையையும் தெரிந்துவைத்திருங்கள். மருத்துவர் சீட்டு வேண்டும். 16 முதல் 25 வயதுள்ள வேப் பழக்கத்தினரிடம் அமெரிக்காவில் நடந்து 2025ல் வெளியான ஆய்வில், 12 வார முடிவில் விட்டிருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 51 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 14. இரு பிரிவினருக்கும் வாராவாரம் ஆலோசனை இருந்தது. பேச்சோடு மருந்து சேரும்போது என்ன கிடைக்கிறது என்பது இதில் தெரிகிறது.

கேபொட் பிடிப்பவரையும் இதே குழுவில் வைப்பது

கேபொட் என்பது எட்டோமிடேட் கலந்த வேப். எட்டோமிடேட் அறுவைக் கூடத்தில் மயக்கம் கொடுக்கும் மருந்து. அதற்கும் நிக்கோட்டினுக்கும் தொடர்பில்லை. கை நடுக்கம், தள்ளாட்டம், திடீர் நினைவிழப்பு, வலிப்பு, அட்ரினல் சுரப்பி பாதிப்பு என்று போகும். நிக்கோட்டின் கம் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவன் சொல்வதில்லை, பிடிப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். சேரும் நாளிலேயே தனியறையில் கேளுங்கள்: பிடித்ததும் தள்ளாடினீர்களா, நடுவில் நடந்தது நினைவில்லாமல் போனதா? ஆம் என்றால் மருத்துவரிடம், மனநலக் கழகத்தின் போதைப்பழக்கச் சிகிச்சைக்கு. விழுந்து கிடந்தால் ஆம்புலன்சுக்கு 995.

தாமாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை இல்லை என்று அதிகாரிகள் அறிவித்திருக்கிறார்கள். இதை முதல் நாளே, முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் எண் 1800 438 2000, அதையும் அப்போதே கொடுங்கள்.

கருவிகளை வாங்கிவைத்துக்கொள்வது

கூடவே கூடாது. உங்கள் பையில் இருந்தால் நீங்கள் வைத்திருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். சமூக மன்றங்களில் வைத்த பெட்டியில் அவரே போடட்டும்.

ருசிக் கதைகள்

லிச்சி, மாங்காய், குளிர்ப் புதினா என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர் கண் மாறுவதைப் பார்க்கலாம். பேரும் ருசியும் கேட்டாலே ஏக்கம் எழும். கூட்டம் முடிந்து கீழ்த்தளத்தில் நிற்கும் 15 நிமிடம்தான் பிறகு விபத்தாகிறது. முதல் நாள் விதியாகவே சொல்லுங்கள்: பிராண்டு, ருசி, எங்கே கிடைக்கும் என்ற மூன்றும் இங்கே பேச்சில்லை. மீறினால் கண்டிக்காமல், 'அப்போ என்ன நேரம், யார் கூட இருந்தாங்க?' என்று பேச்சைத் திருப்புங்கள். பழைய கதை சொல்லவே கூடாது என்பதல்ல. சூழ்நிலையைச் சொல்லட்டும், ருசியைச் சொல்ல வேண்டாம்.

விடும் நாளைக் குறிக்காமல் பேசிக்கொண்டே போவது

மூன்றாவது கூட்டத்துக்குள் எல்லாருக்கும் ஒரே தேதி. அதற்கு அடுத்த மூன்று நாள்தான் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் உச்சத்தில் இருக்கும். தேர்வு வாரத்தில் குறிக்காதீர்கள்.

பெற்றோரை உள்ளே உட்காரவைப்பது

வேண்டாம். அவர்களுக்குத் தனிக் கூட்டம்.

வாட்ஸ்அப் குழுவை ஊமையாக விடுவது

ஏக்கம் அலையாக வரும், சில நிமிடங்களில் தணியும். இரவு 11 மணிக்கு 'முடியல' என்று ஒருவர் போடும் செய்திக்குக் காலை 8 மணிக்கு வரும் இதய எமோஜியால் பயனில்லை. ஏழு நாளுக்கு ஏழு பேர், இரவு 9 முதல் 12 வரை யாருடைய முறை என்று பட்டியல் போடுங்கள். பதில் சொல்பவர் ஆலோசனை தர வேண்டியதில்லை. 'இங்கதான் இருக்கேன், பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி எழுது' என்பது போதும். குறுஞ்செய்தி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 18 முதல் 24 வயதினருக்குச் செய்தி மட்டும் அனுப்பிய அமெரிக்கத் திட்டம் ஒன்றின் ஆய்வு 2021ல் வெளியானது: ஏழாவது மாதத்தில் பிடிக்காமல் இருந்தவர்கள் 24.1 விழுக்காடு, செய்தித் திட்டம் பெறாத பிரிவில் 18.6. எதிரே மனிதர் யாரும் இல்லாமலே இவ்வளவு கிடைத்திருக்கிறது.

ஆறாவது வாரத்தோடு மூடிவிடுவது

சான்றிதழ், கேக், படம். உடல் தடுமாற்றம் மூன்று நான்கு வாரத்தில் அடங்கியிருக்கும். எனவே எல்லாருக்கும் முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியாதது சூழ்நிலைகள். கடைசிக் கூட்டத்திலேயே ஒவ்வொருவரின் நாள்காட்டியையும் திறந்து வைத்துக் கேளுங்கள்: அடுத்த தேர்வு எப்போது முடிகிறது, தேசிய சேவையில் எப்போது சேர்கிறார், எந்த நண்பனின் பிறந்தநாள் வருகிறது. ஒன்று, மூன்று, ஆறாவது மாதங்களில் எல்லாருக்கும் அழைப்பு. அது தவிர, அவரவர் சொன்ன நாளுக்கு முந்தின மாலை ஒரு அழைப்பு. மறுநாள் அழைத்துப் பயனில்லை.