கொள்ளுத்தாத்தாவின் ஊழியத்தைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவை 'ஐயர்', அதாவது சபைக் குரு, என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி அவருடைய ஊழியத்தைத் தேடிப் பொறையார்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். இராமபாணப் பூச்சி சல்லடையாக்கிய சபைப் பதிவுப் பேரேட்டில் அவருடைய கல்யாணம் மட்டும் கிடைத்தது. தொழில் என்ற கட்டத்தில் 'உபதேசியார்'.

வீட்டுப் பேச்சை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. புராட்டஸ்டண்ட் சபைகளில் ஐயர் என்றால் குருப்பட்டம் பெற்றவர், உபதேசியார் வேறு. தரங்கம்பாடிக்கு மிஷனெரிகள் வந்தது 1706இல். அந்த மிஷனில் முதல் தமிழ்க் குருவானவராக ஆரோன் பட்டம் பெற்றதோ 1733இல்தான். அதற்குப் பிறகும் பட்டம் பெற்றவர்கள் கொஞ்சம் பேரே. ஊர் ஊராக நடந்து ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்கள் உபதேசியார்கள். மூன்று தலைமுறை போனால் வீட்டுப் பேச்சில் அவர்களும் ஐயராகிவிடுகிறார்கள்!

இதைவிடப் பெரிய தவறு, முன்னோருடைய ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றை மட்டும் தேடுவது. அவர் ஊழியம் செய்த தடயம் அடுத்தவர் வீட்டுப் பதிவுகளில்தான் இருக்கும். ஐயராக இருந்தால் 'ஞானஸ்நானம் கொடுத்தவர்' என்ற கடைசிக் கட்டத்தில் அவர் கையெழுத்தைப் பாருங்கள். எந்த மாதத்தில் கையெழுத்து தொடங்குகிறது, எந்த மாதத்தில் வேறொருவர் கைக்கு மாறுகிறது என்று குறித்துக்கொண்டு போனால் அவர் எந்தச் சபையில் எத்தனை வருஷம் இருந்தார் என்பது தானே வந்துவிடும். உபதேசியார் வழக்கமாக ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அவரைக் கல்யாணப் பதிவில் சாட்சியாகவோ, யாரோ ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற ஞானத்தகப்பனாகவோ தேட வேண்டும்.

சின்ன ஊர்க் கோயிலில் பேரேடு இல்லையென்றால் தொலைந்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். அந்தக் கோயில் எந்தப் பெரிய சபையின் கீழ் இருந்ததோ அந்தத் தாய்ச் சபையில் கேளுங்கள். குடும்பங்கள் ஒரு மிஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதையும் மறக்கக் கூடாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். பின்னால் லுத்தரன் சபையில் சேர்ந்தவர்கள் உண்டு. ஒரு குடும்பம் ஆங்கிலிக்கன் பேரேட்டில் திடீரென்று நின்றுபோனால் செத்துப்போனார்கள் என்று எழுதிவிடாமல் லுத்தரன் பேரேட்டையும் புரட்டுங்கள். இதைப் பேசச் சிலருக்குக் கூச்சம். ஆனால் பேரேட்டில் இருப்பதை நாம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டு பைபிளின் முன்பக்கத்தில் 'துன்மதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். 1861இலும் துன்மதி, 1921இலும் துன்மதி. தமிழ் எண்ணும் ஏமாற்றும்: ௮ என்பது எட்டு, அகரமில்லை. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதுவது எல்லோரும் செய்வதுதான். பெரியவரான பிறகு ஞானஸ்நானம் பெற்றவருக்கு அது இருபது, முப்பது வருஷம் தள்ளிப்போகும்.

தேவசகாயம், ஞானப்பிரகாசம் என்று ஒரே ஊரில் நாலு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்து பொருந்தாமல் எவரையும் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டாம். நான் ஒருவரை அப்படி ஆறு மாதம் வைத்திருந்தேன்.

ஐப்பசி அடைமழையில் போகாதீர்கள். ஈரம் ஏறிய தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஐயரும் பேரேட்டைத் திறக்க விடமாட்டார். சித்திரையில் போங்கள்.