ஹீலியம் மந்த வாயுதானே என்று விட்டுவிடாதீர்கள்

எதனோடும் வினைபுரியாத வாயு உலோகத்தை என்ன செய்துவிடும்? அணு உலைப் பொருட்களைப் படிக்கத் தொடங்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எதனோடும் ஒட்டாததால்தான் சிக்கலே வருகிறது. உலையில் நியூட்ரான் மோதிய சில அணுக்கருக்கள் ஆல்பா துகளை, அதாவது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த துணுக்கை, உமிழ்கின்றன. அதுவே எலக்ட்ரான்களைப் பிடித்து ஹீலியம் ஆகிறது. இரும்பில் அது கரையாது. கதிர்வீச்சால் அணு பெயர்ந்துபோன காலியிடம் கிடைத்தால் அங்கே போய் அடைந்துகொள்ளும், லேசில் வெளியே வராது. மேலும் மேலும் அணுக்கள் சேர, குமிழி உருவாகிறது.

ஒவ்வொரு அணுவும் சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்ந்தது என்ற டிபிஏ கணக்கை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. அணுவைப் பிளக்கும் வேக நியூட்ரான் உலையில் இருக்கும் எஃகில் 1 டிபிஏ-வுக்கு, பத்து லட்சம் அணுக்களுக்கு ஒரு ஹீலியம் அணுகூடச் சேராது. லேசான அணுக்கருக்களைச் சேர்க்கும் இணைவு உலையின் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் படும் உட்சுவரிலோ அது சுமார் பத்து. அங்கே தாங்கிய எஃகு இங்கேயும் தாங்கும் என்று எழுதிவிட முடியாது.

கொஞ்சம்தானே என்பதும் ஆபத்து. பத்து லட்சத்துக்குச் சில அணுக்கள் இருந்தாலே பழுதுபார்க்கும் வெல்டிங் விரிசல் விடலாம். சூட்டில், படிகத் துணுக்குகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் குமிழிகள் பெரிதாகும். ஆறும்போது வரும் இழுவிசை அந்த எல்லைகளைப் பிளந்துவிடும்.

என் பார்வையில் பெரிய தவறு, ஹீலியத்தை எப்படியாவது விரட்டப் பார்ப்பது. விரட்ட முடியாததை உள்ளேயே பரவலாகக் குடியமர்த்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவு வரை குமிழி, வாயு சேர்ந்தால்தான் வளரும். அதைத் தாண்டிவிட்டால் வாயுவே தேவையில்லை. காலியிடங்களை விழுங்கியே பெரிதாகும், உலோகம் வீங்கும். ஆக, ஒரே அளவு ஹீலியத்தை எண்ணற்ற சின்னச் சின்ன இடங்களில் பிரித்து வைத்தால் எந்தக் குமிழியும் அந்த எல்லையை எளிதில் எட்டாது. ஆக்சைடு சிதறிய எஃகில் இட்ரியம், டைட்டானியம், ஆக்சிஜன் கலந்த சில நானோமீட்டர் துகள்கள் செய்வது இதைத்தான். எத்தனை அழகான யோசனை! ஹீலியம் அடைய இடம் கூடட்டும் என்று படிகத் துணுக்குகளை வெறுமனே நுணுக்கி எல்லைகளைப் பெருக்கினால் போதாது. தூய உலோகத்தில் அவை சூட்டில் மறுபடி பெருத்துவிடும்.

அப்புறம் சோதனை. உலைக்குப் பதிலாகச் சோதனையில் பாய்ச்சும் அயனிக் கற்றை (மின்னூட்டம் பெற்ற அணுக்களின் கற்றை) சில மணி நேரத்தில் தரும் சேதம் மேற்பரப்பிலிருந்து மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இறங்கும். உலையின் பல ஆண்டுகளுக்கு அதை அப்படியே ஈடாக வைக்காதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குமிழி தெரியவில்லை என்பதால் ஹீலியம் இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். ஒரு நானோமீட்டருக்கும் சிறிய கொத்துகள் கண்ணுக்குத் தப்பிவிடும். மாதிரியைச் சூடாக்கி, வெளிவரும் வாயுவை அளந்து பாருங்கள்.