வீட்டில் பதிந்த பாட்டை ஸ்டீரியோவுக்கு மிக்ஸ் செய்வது

கர்நாடக சங்கீதத்தை வீட்டிலேயே தனித்தனி டிராக்காகப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு இது. அந்த டிராக்குகளைச் சேர்த்து ஒரே பாட்டாக்குவதுதான் மிக்சிங். என் மன்னியின் பாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு மைக், தொப்பிக்கு (கனமாக ஒலிக்கும் இடது முகம்) ஒரு மைக், எலக்ட்ரானிக் தம்பூரா, ஆக 5 டிராக். சுருதி ஐந்தரைக் கட்டை. ஒருவர் பின் ஒருவராக ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிந்ததால் ஒருவர் மைக்கில் அடுத்தவர் சத்தம் இல்லை.

முதலில் எஃபெக்ட் எதையும் தொடாதீர்கள். எல்லா ஃபேடரையும் (டிராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் பட்டை) இறக்கிவிட்டு, எல்லாம் சேர்ந்து வெளிவரும் மாஸ்டரை மோனோவாக்குங்கள், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரட்டும். குரலை மட்டும் ஏற்றுங்கள். உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். அப்புறம் மிருதங்கம், வயலின், கடைசியில் தம்பூரா. ஸ்டீரியோவில் இடம் வலமாகப் பிரித்துவிட்டால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் ஒரு மயக்கம் வரும். மோனோவில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே சாகித்யம் புரிந்தால் எங்கேயும் புரியும். என் கணக்கில் மிக்சிங்கில் முக்கால்வாசி இந்த ஃபேடர் வேலைதான். தம்பூரா ஓடுவது கவனத்துக்கே வரக் கூடாது, ஆனால் மியூட் செய்த நொடியில் வெறிச்சென்று தெரிய வேண்டும்.

மோனோவிலேயே தொப்பி டிராக்கில் ஒலியலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். வட்டத்தில் குறுக்குக்கோடு போட்டிருக்குமே, அதுதான். ஒரே வாத்தியத்தை இரண்டு மைக் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பிடிக்கும்போது அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பொத்தானை எந்த நிலையில் வைத்தால் கும்கி (தொப்பியில் எழும் ஆழ்ந்த ஒலி) கனமாக விழுகிறதோ அதுவே சரி.

ஈக்யூவில் (குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) கூட்டுவதைவிடக் கழிப்பது நல்லது. ஐந்தரைக் கட்டைக்கு ஆதார ஷட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 156. ஆகவே மன்னியின் டிராக்கில் 100க்குக் கீழே இருப்பதெல்லாம் மின்விசிறியும் தெருவில் போகிற லாரியும்தான், வெட்டிவிடலாம். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு இதே எண்ணைப் போடாதீர்கள். அங்கே மந்திர பஞ்சமம் 104 வரை இறங்கும். 70, 80க்கு மேல் போக வேண்டாம். சின்ன அறையில் பதிந்த குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் 250க்கும் 400க்கும் நடுவே தேடி 2, 3 டெசிபல் குறையுங்கள். வயலின் குரலை மறைக்கிறதா? குரலை ஏற்றாமல், வயலினில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள்.

சத்தம் கூடுகிற இடங்களைத் தானே அழுத்திக் குறைக்கும் கம்ப்ரெஸ்ஸருக்கு சினிமாப் பாட்டு அளவுகள் ஒத்துவராது. தார ஸ்தாயியில் குரல் பாய்கிற இடங்களை வால்யூம் ஆட்டோமேஷனில் (பாட்டின் ஓட்டத்தில் எங்கே எவ்வளவு சத்தம் என்று குறித்துவைப்பது) கையாலேயே வரியாக வரி இறக்கிவிட்டு, அதன்மேல் 2:1 விகிதத்தில் 3 டெசிபல் குறைகிற அளவுக்குப் போட்டால் போதும். அதற்கு மேல் அழுத்தினால் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகும்.

இப்போது மோனோவை எடுத்துவிடுங்கள். மேடையில் வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், வலந்தலை சபையைப் பார்க்கும்; வயலின் எதிர்ப்பக்கம். நமக்குக் கேட்பது மிருதங்கம் இடதில், வயலின் வலதில். அதையே வைத்து வலந்தலையை இடப்பக்கம் 30 சதவீதம், வயலினை வலப்பக்கம் 30 சதவீதம் நகர்த்துங்கள். குரலும் தொப்பியும் நடுவில். கீழ்ஸ்தாயி கனம் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் விழுந்தால் காது சோர்ந்துவிடும்.

ரீவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற எஃபெக்ட்) ஒன்றே ஒன்று, தனி பஸ்ஸில் (பல டிராக்குகள் சேரும் பொதுத் தடம்) போட்டு எல்லா டிராக்கிலிருந்தும் அனுப்புங்கள். ஒன்றரை விநாடி நீளம், 25 மில்லிவிநாடி பிரீடிலே (எதிரொலி தொடங்குமுன் வரும் இடைவெளி). ரீவெர்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மிருதங்கம் குழம்பும். வேகமான பிருகா வருகிற இடத்தில் கேளுங்கள். ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டால் அளவு அதிகம். கோயில் மண்டபம் மாதிரி வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். சரி சரி என்று சொல்லிவிட்டு ஒரு டெசிபல் மட்டும் ஏற்றுங்கள்.

பிறகு போனில் போட்டுக் கேளுங்கள். அங்கே தொப்பி காணாமல் போகும், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. பாஸைக் கூட்டாதீர்கள், தொப்பியில் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைத்து மேல் ஒத்திசைகளைச் சேர்ப்பது) போட்டால் மேல் ஒத்திசைகள் வழியாகப் போனிலும் அடி கேட்கும்.

யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குத் தெரியும் சராசரி சத்தத்தின் அளவு) மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துவிடும், ஆகவே உச்சத்தைத் தடுத்து நிறுத்தும் லிமிட்டரில் முட்டி மோத வேண்டாம். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, 24 பிட் வேவ் ஃபைலாக எடுங்கள். 16 பிட் வேண்டுமானால் கடைசியில் டித்தர் (பிட் குறைக்கும்போது வரும் சிதைவை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஏற்றுமதி முடிவுப் புள்ளியைக் கடைசி ஸ்வரத்திலேயே வைக்காமல், ரீவெர்பும் தம்பூராவும் முழுக்கத் தேய 4, 5 விநாடி தள்ளி வையுங்கள்.